பனியன் கம்பெனியின் முதல் சி.எஸ்.ஆர்.: பத்து லட்சத்தைப் பள்ளிக்கு எப்படிச் செலவழிப்பது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. இயக்குநர்கள் நானும் தம்பியும் மட்டும். 2023-24இல் லாபம் 6.20 கோடி. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 4.60 கோடி, 4.20 கோடி. 2024-25 முதல் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சட்டக் கடமை) கட்டாயம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். எங்கள் அப்பா படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு (140 பிள்ளைகள்) ஏதாவது செய்ய ஆசை. கழிப்பறை கட்டலாமா, ஸ்மார்ட் கிளாஸ் போடலாமா? குடோனில் தேங்கிக் கிடக்கும் டி-ஷர்ட்டுகளைக் கொடுத்தால் கணக்கில் வருமா? எங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கலாமா? ஒரு டிரஸ்ட்காரர் வந்து, '10 லட்சத்துக்குச் செக் கொடுங்கள், 7 லட்சம் ரொக்கமாகத் திரும்பி வரும், முழுத் தொகைக்கும் ரசீது தருகிறேன்' என்கிறார். இது நடைமுறையில் உள்ளதுதானா? அப்பா பெயரில் கல்வெட்டு வைக்கலாமா?

பதில்: முதலில் அந்த டிரஸ்ட்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நடைமுறையில் உண்டா என்றால், உண்டுதான். ஆனால் திரும்பி வரும் 7 லட்சம் கணக்கில் வராத பணம். அதைவிடப் பெரிய சிக்கல், 'கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்கே செலவானது' என்று கம்பெனியின் நிதிப் பொறுப்பாளர் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி. உங்களிடம் சி.எஃப்.ஓ. (தலைமை நிதி அதிகாரி) கிடையாது. அப்படியானால் கையெழுத்துப் போடப்போவது உங்களில் ஒருவர். பொய்ச் சான்று கம்பெனிகள் சட்டத்தின் 447ஆம் பிரிவில் மோசடியாகிவிடும். தொகை 10 லட்சத்தையோ விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தொட்டால், தண்டனை 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை சிறை. டிரஸ்டை வருமான வரித் துறை சோதனை போடும்போது அவர்களுடைய நோட்டில் முதலில் தேடப்படுவது 'செக் கொடுத்தவர் பட்டியல்' தான்.

இனி கணக்குக்கு வருவோம். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், பிடிக்குள் வந்துவிடுவீர்கள். நீங்கள் வந்திருப்பது மூன்றாவது வழியில். செலவழிக்க வேண்டியது முந்தைய மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் 2 சதவீதம். 4.20, 4.60, 6.20 கூட்டினால் 15 கோடி. சராசரி 5 கோடி. அதில் 2 சதவீதம் 10 லட்சம். நீங்கள் எழுதியிருக்கும் லாபம் எந்த லாபம் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இங்கே எடுக்க வேண்டியது 198ஆம் பிரிவின்படி கணக்கிட்ட லாபம். வருமான வரியைக் கழிப்பதற்கு முந்தைய தொகை அது. டிராபேக் (ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தரும் வரி) போன்ற அரசுச் சலுகைகள் அதில் சேரும். நிலத்தை விற்ற லாபம் சேராது. 2023-24இல் இடம் எதையாவது விற்று அந்த லாபமும் 6.20 கோடிக்குள் இருந்தால், அதைக் கழித்த பிறகு 5 கோடிக்குக் கீழே போய்விடவும் வாய்ப்புண்டு.

உங்கள் குடும்பத்தில் பார்ட்னர்ஷிப் நிறுவனங்களும் இருந்தால் (திருப்பூரில் பெரும்பாலும் இருக்கும்) அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனி பெயரில் இருக்கும் லாபத்துக்கு மட்டும்தான்.

கடமைத் தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை. இயக்குநர் குழுவே அந்த வேலையைச் செய்யலாம். இதில் ஒரு விலக்கு உண்டு. அதைக் கீழே மூன்று ஆண்டுத் திட்டம் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

எது கணக்கில் வராது என்பதை முதலில் முடித்துவிடலாம். டி-ஷர்ட் வராது. சட்டத்தின் சொல் 'செலவழிக்க வேண்டும்' என்பது. பொருளாகக் கொடுத்து அதற்கு மதிப்புப் போட்டுக் காட்ட முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25 தேதியிட்ட விளக்கச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணியாளர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாடம் நடத்தினால் அந்த நேரத்துக்கும் பணமதிப்புப் போட முடியாது. சும்மா கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு எடுத்திருந்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய வரிக்கு எடுத்த வரவை) திருப்ப வேண்டியிருக்கும். பையரின் (ஆர்டர் கொடுத்த வாங்குநரின்) பிராண்ட் லேபிளோடு வெளியே விடக் கூடாது என்று ஆர்டர் ஒப்பந்தத்தில் இருந்தால் லேபிளை வெட்டாமல் ஒரு பீஸ்கூட குடோனைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, ஏற்றுமதிக்குத் தைத்த எல், எக்ஸ்எல் அளவு செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) எட்டு வயசுப் பிள்ளைக்கு எதற்கு?

தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்கும் உதவித்தொகையும் வராது. ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமே பயன் தரும்படி வகுத்த எதுவும் சி.எஸ்.ஆர். ஆகாது. அதே உதவித்தொகையை அந்தப் பள்ளியில் படித்து முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டு, அதில் உங்கள் தொழிலாளியின் பிள்ளையும் இடம்பிடித்தால் தப்பில்லை. ஆனால் பட்டியலைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ஹெச்.ஆர். ஆக இருக்கக் கூடாது, பள்ளித் தரப்பாக இருக்க வேண்டும். பட்டியலில் முக்கால்வாசிப் பேர் உங்கள் கம்பெனிப் பிள்ளைகளாக இருந்தால், விதி என்ன சொன்னாலும் விளக்கம் கொடுப்பது கஷ்டம் என்பது என் கருத்து.

கம்பெனிக்குள் குழந்தைகள் காப்பகம் நடத்துவதையும் இதில் எழுதிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வைப்பது தொழிலாளர் சட்டப்படி ஏற்கெனவே உள்ள கடமை. சட்டக் கடமையை நிறைவேற்றுவது சி.எஸ்.ஆர். இல்லை. 'தையல் பயிற்சி' என்ற பெயரில் உங்கள் பவர் டேபிள் தையல் வேலைக்கு ஆள் தயார் செய்வதும் அப்படித்தான். பயிற்சி முடித்தவர் எந்தக் கம்பெனிக்கும் போகலாம் என்ற நிலை இருந்தால்தான் அது பொதுநலம். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பதும் கணக்கில் வராது. பிரதமரின் நிவாரண நிதி, பி.எம். கேர்ஸ், தூய்மை பாரத நிதி போன்றவைதான் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் (சி.எஸ்.ஆர். ஆகும் செலவுகளின் பட்டியலில்) இருக்கின்றன.

சரி, பள்ளி. அரசுப் பள்ளிக்குச் செய்வது 'கல்வி', 'சுகாதாரம்' என்ற தலைப்புகளில் நேராகப் பொருந்தும். பிரச்சினை சட்டத்தில் இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் பெரும்பாலான கம்பெனிகள் கோட்டை விடுகின்றன.

வாங்கிக் கொடுக்கும் பட்டியலோடு பள்ளிக்குப் போகாதீர்கள். நோட்டு, புத்தகம், சீருடை, பை எல்லாம் அரசே கொடுக்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவும் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, நடுநிலைப் பள்ளிகளுக்குக் கைக்கணினி, ஆய்வகம் என்று அரசுத் திட்டங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஸ்மார்ட் போர்டு போய் இறங்கிய மாதத்தில் அரசு போர்டும் வந்து, ஒன்று பெட்டியோடு ஹெச்.எம். அறையில் நிற்கும். அதனால் வட்டாரக் கல்வி அலுவலரிடம், 'இந்தப் பள்ளிக்கு அடுத்த ஒரு வருஷத்தில் என்னென்ன அனுமதியாகியிருக்கிறது' என்று கேட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' தளத்தில் அந்தப் பள்ளியின் தேவையைப் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் மூன்றுதான்: தண்ணீர், கழிப்பறை சுத்தம் செய்ய ஆள், பாடம் நடத்த ஆள். இந்த மூன்றுக்கும் ரிப்பன் வெட்ட முடியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கழிப்பறை 'கட்டலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். 140 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறை இல்லாமல் இருக்காது. பூட்டிக் கிடக்கும், அல்லது ஆசிரியர்கள் மட்டும் பயன்படுத்துவார்கள். புதிதாக ஒன்று கட்டினால் அதுவும் இரண்டு வருஷத்தில் பூட்டிக் கிடக்கும். இது ஊகமில்லை. 2014-15இல் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். பணத்தில் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளை சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளர்) தணிக்கை செய்து 2020இல் அறிக்கை கொடுத்தது. கட்டியதாகக் காட்டிய 2,612 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். 200 அங்கே இல்லவே இல்லை, 86 அரைகுறை. இருந்தவற்றிலும் 30 சதவீதம் பயன்பாட்டில் இல்லை. 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் வரவில்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை. பணம் இல்லாத நிறுவனங்கள் அல்ல அவை. கட்டுவதற்கு நிதி ஒதுக்கினார்கள், நடத்துவதற்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை.

எனவே என் ஆலோசனை: புதுக் கட்டடம் வேண்டாம். இருப்பதைச் சரிசெய்யுங்கள், அதை மூன்று வருஷம் ஓட வையுங்கள்.

பள்ளிக்குப் போகும்போது ஒரு பிளம்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலின்படி 40 பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி, அதாவது ஒரு கிளாசெட், மூன்று சிறுநீர்க் கோப்பை. 78 பையன், 62 பெண் என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் இரண்டிரண்டு தொகுதி வேண்டும். தண்ணீர்க் கணக்கு அதைவிட முக்கியம். பகல்நேரப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம். 140 பேருக்கு 6,300 லிட்டர். மொட்டை மாடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு 500 லிட்டர் டேங்க், அதுவும் சத்துணவுச் சமையலுக்கும் சேர்த்து. முழு அளவையும் ஒரே நேரத்தில் சேமிக்க முடியாவிட்டாலும் 2,000 லிட்டர் டேங்க் இரண்டு வைத்து, காலை ஒருமுறையும் மதிய இடைவேளைக்கு முன் ஒருமுறையும் நிரப்பினால் சமாளிக்கலாம். ஊராட்சிக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்றால் தரைத்தொட்டி இல்லாமல் இது நடக்காது. போர் தண்ணீர் என்றால் மோட்டாருக்கு டிரை-ரன் பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டர் போடுங்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கருகுவதுதான் முதல் சாவு. அதன் பிறகு ஒருவரும் ரீவைண்டிங் செய்ய மாட்டார்கள்.

தண்ணீர் குறைவான ஊர் என்றால் கிளாசெட்டையே மாற்றிவிடலாம். வீடுகளில் போடும் 50 மி.மீ. தண்ணீர் அடைப்பு உள்ள கிளாசெட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வாளி ஊற்ற வேண்டும். சரிவு அதிகமுள்ள, 20 மி.மீ. அடைப்புள்ள கிராமப்புற வகைக்கு இரண்டு லிட்டர் போதும். ஆறு வயசுக் குழந்தையால் இரண்டு லிட்டர் ஊற்ற முடியும், வாளி தூக்க முடியாது. கழிவுக் குழாய் 110 மி.மீ., சரிவு 40 அடிக்கு 1 அடிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்க ஒரு சேம்பர் இருக்க வேண்டும். சேம்பர் இல்லாமல் நேராக செப்டிக் டேங்கில் விட்ட குழாய் அடைத்தால் தரையை உடைக்க வேண்டியதுதான். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, மூடி எங்கே என்று கேளுங்கள். பல பள்ளிகளில் மேலே கான்கிரீட் போட்டு மூடியிருப்பார்கள். லாரி குழாய் இறங்க வழி இருக்க வேண்டும். ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெண் பிள்ளைகள் பக்கத்தில் உட்பக்கத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாருங்கள். அது உடைந்திருந்தால் வேறு என்ன வசதி செய்தாலும் 6, 7, 8ஆம் வகுப்புப் பெண்கள் உள்ளே போக மாட்டார்கள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தாழ்ப்பாள், ஒரு கொக்கி, ஒரு சின்ன அலமாரிப் பலகை, மூடி போட்ட குப்பைத் தொட்டி: நாலும் சேர்ந்து சில நூறு ரூபாய் வேலை. நாப்கின் எரிக்கும் கரண்ட் இயந்திரத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தினமும் அதை இயக்க ஆள் இல்லாத இடத்தில் அது சுவரில் தொங்கும் பெட்டியாகிவிடுகிறது. தொட்டியைத் தினமும் காலி செய்ய ஒருவர் இருப்பதே மேல். பிளாஸ்டிக் குழாய்த் திருகு ஒரு டெர்ம் தாங்காது, பித்தளையே போடுங்கள். ஆனால் திருட்டுப் பயம் உள்ள ஊர் என்றால் பித்தளை ஒரு வாரம் தாங்காது. அங்கே தடித்த பிளாஸ்டிக் வாங்கி, பத்து உதிரியை ஹெச்.எம். பீரோவில் வையுங்கள். சுத்தம் செய்ய ஆசிட் கொடுக்காதீர்கள். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டைத் தின்றுவிடும், பிறகு தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

இப்போது 10 லட்சத்தைப் பிரிக்கும் உதாரணக் கணக்கு ஒன்று. பழுதுபார்ப்பு, டேங்க், மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு ஜி.எஸ்.டி. உட்பட 3,90,000. தினமும் இருவேளை சுத்தம் செய்பவருக்குப் பகுதிநேரச் சம்பளம் மாதம் 5,000 வீதம் 36 மாதத்துக்கு 1,80,000. பினாயில், துடைப்பம், சோப்பு மாதம் 1,500 வீதம் 54,000. தாழ்ப்பாள், குழாய், மோட்டார், செப்டிக் லாரிக்கு மாதம் 2,000 வீதம் ஒதுக்கி வைத்தால் 72,000. பாலப் பாட ஆசிரியர் (வகுப்போடு ஒட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்) ஒருவருக்கு மாதம் 11,000 வீதம் 24 மாதத்துக்கு 2,64,000. இதுவரை 9,60,000. மீதி 40,000 நிர்வாகச் செலவுக்கு. நிர்வாகச் செலவு அந்தந்த ஆண்டின் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊர் கூலிக்குத் தக்கபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: கட்டுமானம் நாற்பது சதவீதத்துக்குள், ஆளும் பராமரிப்பும் அதைவிட அதிகம்.

ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தே போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் சி.எஸ்.ஆர். செலவுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. 3.30 லட்சம் வேலைக்கு 59,400 வரி கையை விட்டுப் போகும். கம்பெனியின் வழக்கமான பில்களோடு இதையும் சேர்த்து உள்ளீட்டு வரி எடுத்துவிடுவது அக்கவுண்ட்ஸ் பிரிவில் எளிதாக நடக்கும் தவறு. தனி லெட்ஜர் வையுங்கள். வருமான வரியிலும் இதை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது.

பாலப் பாட ஆசிரியர் எதற்கு என்றால், திருப்பூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகள் சேர்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளையை வயசுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறோம், ஆனால் தமிழ் எழுத்தே தெரியாது. சில மாதத்தில் வருவதை நிறுத்திவிடும். அந்தப் பிள்ளையின் மொழியும் தமிழும் தெரிந்த ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் நிலைக்கும். உங்கள் பள்ளியில் அப்படிப் பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கான மாலை வகுப்புக்கு வையுங்கள். ஆளை எடுக்கும்போது மூன்று விஷயம்: இது அரசு வேலை அல்ல, திட்டம் முடிந்தால் பணியும் முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேளுங்கள். கதவு திறந்த வகுப்பறையில், இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி மட்டுமே வகுப்பு நடக்கட்டும்.

36 மாதம் எப்படி என்று கேட்பீர்கள், கடமை ஓராண்டுக்குத்தானே? அங்கேதான் 'தொடர் திட்டம்' உதவுகிறது. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை ஓடும் திட்டத்துக்கு விதி இடம் தருகிறது. 2024-25இல் தொடங்கினால் 2028 மார்ச் 31 வரை. அதற்குச் செய்ய வேண்டியது: திட்டம், ஆண்டுவாரிச் செலவு, முடிவுத் தேதி எல்லாம் எழுதி இயக்குநர் குழுத் தீர்மானம் போடுங்கள். மார்ச் 31இல் செலவாகாமல் இருக்கும் தொகையை ஏப்ரல் 30க்குள், அதாவது 30 நாளுக்குள், பட்டியல் வங்கி (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி) ஒன்றில் 'செலவழிக்கப்படாத சி.எஸ்.ஆர். கணக்கு' என்று தனியாகத் திறந்து மாற்றுங்கள். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனிக் கணக்கு. வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கத் தீர்மான நகல், கே.ஒய்.சி. என்று இழுத்தடிப்பார்கள். பிப்ரவரியிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன விலக்கு இதுதான்: அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் இருந்தாலும் சி.எஸ்.ஆர். குழு அமைத்தாக வேண்டும். உங்களைப் போன்ற கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் போதும், நீங்களும் தம்பியும்தான். ஆனாலும் குழுவாக உட்கார்ந்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும்.

தொடர் திட்டமாக அறிவிக்காமல் மிச்சம் வைத்தால், அந்தத் தொகையை செப்டம்பர் 30க்குள் ஏழாம் அட்டவணை நிதிகளில் ஒன்றுக்குக் கட்ட வேண்டும். பள்ளிக்கு ஒரு பைசாவும் போகாது. கட்டவும் இல்லை என்றால் கம்பெனிக்கு அபராதம் இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இதில் குறைவானது. 10 லட்சத்துக்கு 20 லட்சம். பொறுப்பான இயக்குநர் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், இதில் குறைவானது. உங்கள் விஷயத்தில் ஆளுக்கு ஒரு லட்சம். அடுத்த வருஷம் லாபம் 5 கோடிக்குக் கீழே போய்ப் புதுக் கடமை வராவிட்டாலும், கணக்கில் போட்ட பழைய தொகையைச் செலவழிக்கும் கடமை போகாது. ஏற்றுமதித் தொழிலில் லாபம் ஏறி இறங்கும் என்பதால், மூன்று ஆண்டுத் திட்டத்தை முதல் ஆண்டுப் பணத்துக்குள்ளேயே முடியும்படி போட்டதும் அதனால்தான்.

அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், ஹெச்.எம். கடிதம், கல்வி அலுவலகத்தின் அனுமதி, பி.டி.ஓ. ஆபீஸ் பொறியாளரின் மதிப்பீடு, இந்த நாலும் கோப்பில் இருக்க வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான டேங்க், மோட்டார் போன்ற சொத்துகள் உங்கள் கம்பெனிப் பெயரில் இருக்கக் கூடாது. அரசு அமைப்பிடம் ஒப்படைத்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒப்படைப்புக் கடிதத்திலேயே, மோட்டார் ஓடும் கரண்ட் பில் யாருடையது, 36 மாதம் முடிந்ததும் சுத்தம் செய்பவர் சம்பளம் யாருடையது என்று இரண்டு வரி சேருங்கள். பல நல்ல வேலைகள் நின்றுபோனது கரண்ட் பில் தகராறில்தான். திட்டம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஊராட்சித் தலைவரோடும் பெற்றோரோடும் இதைப் பேச ஆரம்பிக்க வேண்டும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? ஹெச்.எம். கையிலோ பள்ளிக் கணக்கிலோ மொத்தமாகப் போட்டுவிட்டு 'செலவு' என்று எழுதாதீர்கள். கம்பெனி நேரடியாகவே செய்யலாம், விதி தடுக்கவில்லை. காண்ட்ராக்டருக்கு வேலை ஆணை உங்கள் கம்பெனி கொடுக்கட்டும், பில் கம்பெனிப் பெயரில், அதில் பள்ளியின் பெயரும் ஊரும். சுத்தம் செய்பவருக்கும் ஆசிரியருக்கும் வங்கி வழியாக, ஹெச்.எம். கையெழுத்திட்ட மாத வருகைத்தாளை வைத்து. வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் ஒரே இடத்திலிருந்து எடுத்த மூன்று படம். கணக்குப் புத்தகங்களோடு எட்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைக் கம்பெனி விளம்பரத்தில் போடாதீர்கள். பையர் ஆடிட்டில் காட்டக் கூட முகம் தெரியாத படம் போதும்.

உங்களால் மாதந்தோறும் கவனிக்க முடியாது, தொண்டு நிறுவனம் வழியாகத்தான் என்றால், அதற்கு நான்கு கேள்வி. மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்த எண் இருக்கிறதா? 12ஏ, 80ஜி (வருமான வரிச் சலுகைக்கான) பதிவு இன்றைய தேதிக்கு உயிரோடு இருக்கிறதா? தற்காலிகப் பதிவு காலாவதியானது தெரியாமலே சிலர் நன்கொடை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதே போன்ற வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் உண்டா? கடைசியாக, அவர்கள் மூன்று வருஷம் முன் செய்த பள்ளி ஒன்றின் பெயரைக் கேட்டு, சொல்லாமல் ஒருநாள் நேரில் போங்கள். முதல் மூன்றும் காகிதத்தில் கிடைக்கும், நாலாவதுதான் உண்மையைச் சொல்லும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள், முந்தைய தவணைக்குக் கணக்கு வந்தபிறகே அடுத்தது.

காலக் கணக்கும் உண்டு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, மார்ச்சில் தேர்வு, இதற்கிடையே அரையாண்டு விடுமுறை. கட்டுமான வேலைக்குச் சரியான நேரம் டிசம்பர் கடைசி வாரமும் மே மாதமும்தான். 2024 டிசம்பர் நடுவுக்குள் அனுமதி வாங்கி, விடுமுறையில் வேலையைத் தொடங்கி, 2025 ஜனவரியில் சுத்தம் செய்பவரும் வந்துவிட்டால், 36 மாதம் 2027 டிசம்பரில் முடியும். கையில் மூன்று மாதம் மிச்சம் இருக்கும். ஆண்டு முடிந்ததும் இயக்குநர் குழு அறிக்கையோடு சி.எஸ்.ஆர். ஆண்டறிக்கை இணைப்பு, ஏ.ஓ.சி.-4ஐ (ஆண்டுக் கணக்குத் தாக்கல் படிவம்) ஒட்டி சி.எஸ்.ஆர்.-2 படிவம். இரண்டையும் உங்கள் கம்பெனி செக்ரட்டரி பார்த்துக்கொள்வார். தாக்க மதிப்பீடு என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சராசரிக் கடமை 10 கோடி உள்ள கம்பெனிகளுக்குத்தான் அது கட்டாயம்.

அப்பா பெயரில் கல்வெட்டு: அனுமதி விண்ணப்பத்திலேயே வாசகத்தையும் அளவையும் எழுதிக் கேளுங்கள், பின்னால் தனியாகக் கேட்டால் நிற்கும். வணிக விளம்பரத்துக்கான ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆரில் வராது என்பதால், கம்பெனி லோகோவை டேங்கிலும் பெஞ்சிலும் பிள்ளைகள் சட்டையிலும் அச்சடிக்காதீர்கள். ஒரு சின்னப் பலகையில், 'இப்பள்ளியில் படித்த இன்னாரின் நினைவாக' என்று இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கல்வெட்டுக்கும் திறப்பு விழாப் பந்தலுக்கும் ஆகும் செலவை மட்டும் சொந்தப் பணத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த 40,000த்தில் கை வைக்க வேண்டாம்.